பத்துப் பல் தண்டு

கப்பலிலிருந்து இறக்கிய இன்ஜினை நாலு பேர் தோளில் சுமந்து வந்து ஊர்க்கூடமான மனேபாவின் நடுவில், பாய் விரித்து, மெதுவாகப் படுக்கவைத்தார்கள். ஊர்ச்சாவு என்றால் பிணம் கிடத்துகிற இடம் அது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்தார்கள், அவ்வளவுதான். வைத்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அதற்குள் பெண்களில் ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேற்குக் காற்று அடித்த நாளில் ஊரிலிருந்து இரண்டு படகுகள் வெளிக்கடலுக்குச் சூரை பிடிக்கப் போயிருந்தன. ஒன்றில் பவுரோவின் மகன் தெபாவு. இன்னொன்றில் பவுரோவின் தங்கை மகன் ருத்தேரு. தேவாலய விருந்துக்கு மீன் கொண்டுவருகிறோம் என்று சிரித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு பேரும் திரும்பவில்லை. விருந்து நின்றது. தலைநகரிலிருந்து விமானம் வந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. ரோந்துக் கப்பல் வந்து தேடிவிட்டுப் போனது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது கொப்பரை ஏற்றும் கப்பல், தெற்கே அடுத்த தீவின் பவளப்பாரில் ஒதுங்கிக் கிடந்ததென்று இந்த இன்ஜினைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. ஆள் இல்லை, படகும் இல்லை. உடைந்த பின்பலகையில் கவ்விக்கொண்டிருக்கும் இன்ஜின், அதன் கழுத்தில் சுற்றிக்கொண்ட ஒரு நீலக் கயிறு, இவைதான் மிச்சம்.

இரண்டில் யாருடையது?

பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இரண்டு படகையும் ஒரே ஆள் கட்டி, ஒரே டப்பாப் பெயிண்டை அடித்திருந்தான். இரண்டு இன்ஜினும் ஒரே கப்பலில் வந்து இறங்கிய ஒரே ஜாதி. மேல்மூடியை அலை கொண்டுபோயிருந்தது. நம்பர் பொறித்த தகட்டை உப்பு தின்றிருந்தது. தகடு இருந்திருந்தாலும் பெரிதாக நம்புவதற்கில்லை. எங்கள் தீவில் முழுசாக ஒரே வீட்டுக்குச் சொந்தமான இன்ஜின் என்று ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். தலை ஒருத்தன் வீட்டிலிருந்து வந்திருக்கும், பெட்ரோல் டாங்கி மச்சான் வீட்டிலிருந்து, கயிற்றுப் பிடி செத்துப்போன சித்தப்பாவின் இன்ஜினிலிருந்து. தண்ணீருக்குள் இறங்கி விசிறியைச் சுற்றுகிற கியர் பெட்டியைத்தான் ஊரில் கால் என்போம். அந்தக் கால் இருக்கிறதே, அது ஒரு வருஷத்தில் நாலு வீடு மாறும்.

பெரியவர்கள் தூணோரமாகத் தங்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் பவுரோவின் மேல். தீவில் எந்த இன்ஜினுக்கு எங்கே வலித்தாலும் அவரிடம்தான் வரும். பெற்ற பிள்ளையைத் தொலைத்தவனிடம் போய் இதைக் கேட்கிறோமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் வேறு யாரைக் கேட்பது?

பவுரோ முழங்காலிட்டார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் காலின் மேல் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டினார். காலின் அடியில், விசிறிக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் தகட்டின் ஓரத்தில் கை போனது. கை அங்கேயே நின்றுவிட்டது.

தெபாவு போன வருஷம் பாரில் மோதி அந்தத் தகட்டை உடைத்துக்கொண்டு வந்திருந்தான். பள்ளிக்கூடப் பட்டறையில் உட்கார்ந்து, மனைவி தெரேசியாவின் அலுமினியப் பானை மூடியை வெட்டி, அந்த இடத்தில் பற்றவைத்தவர் பவுரோதான். மூடி போன ஆத்திரத்தில் தெரேசியா இரண்டு நாள் அவருக்குச் சோற்றை மூடாமலே வைத்தாள். அந்தப் பற்றுத் தழும்பு, கோணல்மாணலாக, இப்போது அவர் விரலுக்கு அடியில் இருந்தது.

கயிற்றைப் பார்த்தார். அதுவும் தெபாவுவினுடையது. ஊரில் நீலக் கயிறு வேறு யாரிடமும் கிடையாது. ஒரு முனை பின்பலகை வளையத்தில் முடிந்திருந்தது. மறுமுனை பிய்ந்திருக்கவில்லை. கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்த வெட்டு. எதற்கு அறுத்தான் என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"என் பையனோடது" என்றார்.

தெரேசியா கத்தவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தாள். மற்ற பெண்கள்தான் கத்தினார்கள். மனேபாவின் ஓரத்தில் ருத்தேருவின் மனைவி எரிமேதா கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சில பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் புருஷனுக்கு இன்னும் வழியிருக்கிறது, நீ கொடுத்துவைத்தவள் என்கிற பார்வை. அவளோ எழுந்திருக்கப் போகிறவள் மாதிரி ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். வாய் அசைந்தது. பிறகு பெரியவர்கள் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

*

இன்ஜினைப் பவுரோவின் கொட்டகைக்கே தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உங்கள் பிள்ளையின் சொத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். வீட்டிலிருந்து அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. பவுரோ இன்ஜினின் எதிரில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பார்க்கக் கூடாதென்று எவ்வளவு அடக்கினாலும் கண் கொட்டகையின் மூலைக்கே போயிற்று.

மூலையில் பழைய பாய்கள் அடுக்கியிருந்தன. பாய்களுக்கு அடியில் ஒரு கால் இருந்தது. நல்ல கால். ஆஸ்பத்திரிப் படகின் இன்ஜின் தலை வெடித்துப் போனபோது, காலை மட்டும் கழற்றி, எண்ணெய் மாற்றி, சாக்குச் சுற்றி வைத்திருந்தார். தெபாவுக்கென்று வைத்திருந்தார். அவன் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பானை மூடி ஒட்டுப் போட்ட காலோடு பையன் எத்தனை நாளைக்கு வெளிக்கடல் போவான்? சமயம் பார்த்து மாட்டிவிடலாம் என்று நினைத்திருந்தார்.

ஒளித்து வைக்காமல் வேறு வழியில்லை. உறவுக்காரன் ஒருவன் உங்கள் பொருளைக் காட்டி 'புபுசி' என்று வாய் திறந்து கேட்டுவிட்டால் எங்கள் ஊரில் இல்லையென்று சொல்லக் கூடாது. சொன்னவன் பிறகு மனேபாவில் நிமிர்ந்து உட்கார முடியாது. செருப்பு, சட்டி, சைக்கிள், இன்ஜின், எதுவும் விதிவிலக்கல்ல. பொருளில் குறை இருக்கிறதென்று சொன்னால்கூட, கொடுக்க மனசில்லாமல் சாக்குச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இந்த வழக்கத்தால் எங்கள் ஊரில் பட்டினி கிடந்தவர்கள் கிடையாது. இந்த வழக்கத்தால் எங்கள் ஊரில் பாய்க்கு அடியில் பொருள் இல்லாத வீடும் கிடையாது.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் ருத்தேரு தன் இன்ஜினைக் கொண்டுவந்தான். கியர் விழும்போது நறநறவென்று சத்தம் வருகிறது என்றான். பவுரோ காலின் அடித் திருகாணியைக் கழற்றினார். எண்ணெய் கறுப்பாக வரவேண்டும். தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தபோது பொடிப் பொடியாக இரும்பு உறுத்தியது.

"தண்ணி உள்ள போயிடுச்சுடா. பல்லு தேஞ்சிக்கிட்டிருக்கு. இதை வெச்சுக்கிட்டுக் காயலுக்குள்ள சுத்து. பாரைத் தாண்டாத. தாண்டினா நடுக்கடல்ல நின்னுடும்."

"விருந்துக்கு மீன் காயலுக்குள்ளயா மாமா நீந்துது?" என்று ருத்தேரு தலையைச் சொறிந்தான். அப்போதுதான் அந்தச் சனியன் பிடித்த கோழி, முட்டையிட இடம் தேடிப் பாயைக் கிளறியது. சாக்கு விலகி விசிறியின் ஒரு இதழ் பளிச்சென்று எட்டிப்பார்த்தது.

"மாமா, பாய்க்கு அடியில யாரு படுத்திருக்கா? அத்தையா?"

பவுரோவும் சிரிக்கத்தான் பார்த்தார். ருத்தேரு பாயைத் தூக்கினான். பார்த்தான். சிரிப்பு போய், முகம் பவ்வியமாக மாறியது.

"புபுசி மாமா. இதை எனக்குக் குடுங்க."

பவுரோவுக்கு வயிறு எரிந்தது. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தது ஒரு கோழியால் போகிறதே என்று எரிந்தது. ஆனால் இல்லையென்று அவர் சொல்லவில்லை. ஒருபோதும் சொல்ல மாட்டார்.

"எடுத்துக்கடா. குடுக்கறதுக்கு என்ன? ஆனா உனக்கு ஏறாது."

"ஏன் மாமா?"

"அந்தத் தண்டோட நுனியில பல்லு எத்தனைன்னு எண்ணு."

ருத்தேரு காலிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்த தண்டைத் துடைத்து எண்ணினான். "பத்து."

"உன்னுதுல பதினாலு. இது ஆஸ்பத்திரி இன்ஜின், வேற ஜாதி. அடிச்சு ஏத்தினா உன் இன்ஜின் தலையும் உடைஞ்சிடும்."

ருத்தேருவின் தண்டு அவன் இன்ஜினுக்குள்ளே இருந்தது. காலைக் கழற்றாமல் அதன் பல்லை யாரும் பார்க்க முடியாது. கழற்றவேண்டிய அவசியமும் இல்லை. பவுரோ ஒரு இன்ஜினைப் பற்றிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் தீவில் பேச்சு கிடையாது. "சரி மாமா" என்று பையன் பாயைப் பழையபடி மூடிவைத்துவிட்டுத் தன் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போனான். பாயைச் சரியாக இழுத்துவிட்டது கூட அவன்தான்.

யாருக்காக அந்தப் பொய்? தெபாவு இல்லை இப்போது. கால் மட்டும் சாக்குக்குள் பத்திரமாக இருக்கிறது. பவுரோ தன் நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டார்.

*

எரிமேதா வந்தபோது காயலின் மேல் இன்னும் வெயில் இருந்தது. குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருந்தாள். கொட்டகை வாசலில் நின்று, தொண்டையைச் செருமினாள்.

"உள்ள வாம்மா. அத்தை வீட்டுல இருக்கா, போய்ப் பாரு."

"உங்களத்தான் மாமா பாக்க வந்தேன். காலைல சொல்ல வாய் வரல. பெரியவங்கல்லாம் இருந்தாங்க. அப்புறம், பயமாவும் இருந்துச்சு."

"என்ன பயம்?"

அவள் உட்காரவில்லை. இன்ஜினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தக் காலு தெபாவுதுதான். இன்ஜின் எங்க வீட்டுக்காரரோடது."

பவுரோவுக்கு முதலில் விளங்கவில்லை.

"போறதுக்கு முந்தின சாயங்காலம் ரெண்டு பேரும் காலு ரெண்டையும் மாத்திக்கிட்டாங்க மாமா. உங்ககிட்ட இருக்கறது ஏறாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. இவர் நேரா தெபாவுகிட்ட போனாரு. உன் இன்ஜினும் என் இன்ஜினும் ஒரே கப்பல்ல வந்தது, உன்னுது எனக்கு ஏறும், நீ காயலுக்குள்ளதானே சுத்தப் போற, புபுசின்னாரு. தெபாவு மறுபேச்சுப் பேசல. எங்க வீட்டு முன்னாடிதான், மணல்ல ரெண்டு இன்ஜினையும் சாய்ச்சுப் போட்டு மாத்தினாங்க. நான்தான் ஸ்பேனர் எடுத்துக் குடுத்தேன்."

"உளறாத."

"நான் ஏன் மாமா உளறணும்? உளறினா எனக்கு என்ன லாபம்?"

பவுரோ எழுந்து போய் இன்ஜினின் தலையைப் பார்த்தார். காலையில் அவர் தலையைப் பார்க்கவே இல்லை. தழும்பைக் கண்டதும் போதுமென்று எழுந்துவிட்டார். ருத்தேருவின் இன்ஜின் தலையில் முன்பொருமுறை ஒரு போல்ட் முறிந்தது. துளையைப் பெரிசாக்கி லாரி போல்ட்டைப் போட்டுக் கொடுத்தவர் அவர். உப்பைச் சுரண்டினார். அது அங்கே இருந்தது. மற்ற போல்ட்டுகளுக்கு நடுவே தடித்த தலையோடு, துருப்பிடித்து.

"தெபாவுது இல்ல" என்றார். தன் குரலே அவருக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "இது என் பையனோடது இல்ல!"

அந்த ஒரு கணம் அவர் சந்தோஷப்பட்டார். அதை மறைத்துப் பயனில்லை. தங்கை மகன் செத்தான் என்று நிச்சயமான இடத்தில், அவன் பெண்டாட்டி எதிரில் நிற்கும்போதே, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டார். பிறகு அடுத்த கேள்வி வந்தது. தெபாவுவின் கால் இங்கே இருக்கிறது. அப்படியானால் தெபாவுவிடம் இருந்தது எது?

தேங்காய்ப்பால் மாதிரி வந்த எண்ணெய் விரலில் உறுத்தியது நினைவுக்கு வந்தது. அவர் மறுபடி பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்தார்.

"அவன் எதுக்குப் பாரைத் தாண்டினான்?" என்றார். "காயலுக்குள்ளதானே சுத்தறதா இருந்தான்?"

"காலைல சூரைக் கூட்டம் பாருக்கு வெளில பொங்குதுன்னு சொன்னாங்க. இவர் ஓடினாரு. கொஞ்ச தூரந்தானேன்னு அவனும் போயிருப்பான்." எரிமேதா கயிற்றைத் தொட்டாள். "இது எங்க கயிறு இல்ல மாமா. எங்க நங்கூரக் கயிறு வெள்ளை. இது எப்படி இவர் பலகையில வந்துச்சுன்னு காலையிலேருந்து யோசிக்கிறேன்."

பவுரோ கயிற்றை அவிழ்த்துக் கையால் அளந்துகொண்டே போனார். அவர் வாங்கிக் கொடுத்த கயிறு. நீளம் அவருக்குத் தெரியும். கிட்டத்தட்ட முழுக்கயிறும் இருந்தது. ஒரு முழம் குறைந்தால் அதிகம். வெட்டுப்பட்ட முனை உள்ளங்கையில் வந்து நின்றது.

தெபாவுவிடம் இருந்த கால் நின்றுபோயிருக்கிறது. ருத்தேரு திரும்பி வந்து, அவன் கயிற்றை வாங்கித் தன் பலகையில் கட்டி, இழுத்திருக்கிறான். மேற்குக் காற்று எழும்பியிருக்கிறது. இரண்டு படகை ஒரு இன்ஜின் இழுக்காது. பின்னாலிருந்த படகில் உட்கார்ந்திருந்தவன், தன் படகின் முன்முனையிலிருந்து ஒரு முழத்தில், கயிற்றை அறுத்திருக்கிறான்.

"இழுத்துக்கிட்டு வந்திருக்காரு" என்றாள் எரிமேதா மெதுவாக. "அறுத்தது யாரு மாமா?"

பவுரோ முனையை அவளிடம் காட்டினார். அவள் பார்த்தாள். அவளுக்கும் விளங்கியது.

"இவரும் பிழைக்கலியே" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

*

தீவில் எந்தச் சுவருக்கும் காது வேண்டியதில்லை, சுவரே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பாதியைக் கேட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். தெரேசியா தலைவிரிகோலமாகக் கொட்டகைக்குள் வந்தாள்.

"நம்ம இன்ஜின் இல்லையாமே? நெஜமா? சொல்லுங்க!"

"நம்மது இல்ல."

அவள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணைத் தட்டினாள். சிரித்தாள். எழுந்து எரிமேதாவைக் கட்டிக்கொண்டாள். "என் வயித்துல பாலை வார்த்தியேடி, என் வயித்துல பாலை வார்த்தியே!" என்றாள். சொல்லி முடிக்கும்போதே யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு எட்டியது. "ஐயோ, உன் வயித்துல நெருப்பைக் கொட்டிட்டு நான் சிரிக்கிறேனே, பாவி" என்று அவளையே பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டும் சேர்ந்து வந்த அழுகை. எரிமேதா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"அவன் வந்துடுவான்" என்றாள் தெரேசியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வடக்கூர்க்காரன் ஒருத்தன் நாலு மாசம் மிதந்து, கொரியாக்காரன் மீன்கப்பல்ல ஏறி வந்தானே. மழைத்தண்ணி குடிச்சு, சுறாவைப் பிடிச்சுத் தின்னு வந்தான். என் பையன் அவனைவிட எதுல குறைஞ்சவன்?" பிறகு புருஷனைப் பார்த்தாள். "அவன்கிட்ட இருக்கறது ருத்தேருவோட காலாமே. அது நல்லதுதானே? நீங்கதானே பாத்தீங்க?"

எரிமேதா பவுரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுதான்" என்றார் பவுரோ.

"அப்ப என்ன! எங்கயாவது கரை சேர்ந்திருப்பான்." காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. எரிமேதாவையும் இங்கேயே சாப்பிடச் சொல்லிவிட்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டு, அடுப்புப் பக்கம் ஓடினாள்.

அவள் போன பிறகு எரிமேதா மூலைக்குப் போனாள். பாயைத் தூக்கினாள். சாக்கோடு காலை இழுத்து வந்து பவுரோவின் முன்னால் போட்டாள்.

"இதை இதுல ஏத்திக் காட்டுங்க மாமா."

"எதுக்கும்மா?"

"ஏத்துங்க."

பவுரோ ஸ்பேனரை எடுத்தார். கடலில் ஒரு மாதம் ஊறின போல்ட்டுகள். சுத்தியலும் தீயும் வேண்டியிருக்கும் என்று நினைத்தார். வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் முனகாமல் கழன்று வந்தது. ஒவ்வொரு மரையிலும் தாராளமாகக் கிரீஸ் தடவியிருந்தது. அடுத்தவனுக்கு மாட்டிக் கொடுக்கும்போதும் கிரீஸில் கஞ்சத்தனம் கூடாது என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கியர்க் கம்பியின் இணைப்பைக் கழற்றினார். பானை மூடி ஒட்டுப் போட்ட கால் அவர் மடியில் இறங்கியது. தண்டின் நுனி தெரிந்தது. அவர் எண்ணவில்லை.

"தெபாவு எண்ணினான்" என்றாள் எரிமேதா. "அவரோட காலைக் கழட்டினதும் தண்டைத் துடைச்சுட்டு எண்ணினான். ரெண்டு தடவ எண்ணினான். இவரும் எட்டிப் பாத்தாரு. 'என்ன மச்சான், மாமா பதினாலுன்னாரு, பத்துதான் இருக்கு?'ன்னாரு. தெபாவு சிரிச்சான் மாமா. 'அப்பாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு மச்சான். வெளில சொல்லிடாத, அப்புறம் ஒருத்தனும் இன்ஜின் கொண்டு வரமாட்டான்'னான். அப்ப பாய்க்கு அடியில இருக்கறதே எனக்குப் போதுமே, போய் வாங்கிட்டு வந்துடறேன்னு இவர் எழுந்தாரு. தெபாவுதான் கையப் புடிச்சு உக்காரவெச்சான். வேணாம் மச்சான், வயசான காலத்துல அவரைப் போய்க் கூச்சப்படுத்தாத, என்னுதை எடுத்துக்கன்னான்."

பவுரோ சாக்கைப் பிரித்தார். புதுக் காலின் தண்டில் கிரீஸைத் தடவி, தூக்கி, இன்ஜினின் அடித்துளைக்குள் செலுத்தினார். தண்ணீர்க் குழாயை அதன் வாயில் பொருத்தினார். பல்லும் பல்லும் முட்டி நின்றன. விசிறியைப் பிடித்து அரை விரல் அளவு திருப்பினார். ஒரு சின்னச் சத்தத்தோடு கால் மேலேறி, இடைவெளியில்லாமல், பிறந்த இடம் மாதிரி உட்கார்ந்தது.

"பொருந்துதே மாமா" என்றாள் எரிமேதா.

பவுரோ தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். காறித் துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்லை எடுத்து எறிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"காலை எடுத்துட்டுப் போம்மா. இன்ஜினையும் எடுத்துட்டுப் போ. இந்தக் கொட்டகையில இருக்கற எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ."

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? ஓட்டறவர் இல்ல." அவள் கையை நீட்டவில்லை. பொருள் கேட்பவர்கள் நிற்கிறபடி தலையைச் சற்றே தாழ்த்தி நின்றாள். "நான் காலைல மாதிரியே வாயத் தொறக்காம இருந்திருந்தா என் புருஷன் இன்னும் உயிரோட இருந்திருப்பாரு, எனக்கு. ஊரே என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டுச்சு. அத்தை பொய்க்கு அழக் கூடாதுன்னுதான் வந்து சொன்னேன். இப்ப அவங்க பொய்க்குச் சிரிக்கறாங்க. தினமும் கடலோரம் போய் நிப்பாங்க, நல்ல காலு, வந்துடுவான்னு. என்னால அதப் பாத்துக்கிட்டிருக்க முடியாது. உண்மையைச் சொல்லுங்க அவங்ககிட்ட. எல்லாத்தையும். புபுசி மாமா."

பவுரோ நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் புபுசிக்கு இல்லையென்று சொன்னதில்லை. அந்தப் பேருக்காகத்தான் எல்லாம்.

அவர் எழுந்து கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. தெரேசியா பாடவில்லை, ஆனால் பாடுவதற்கு முன்னால் வருகிற முணுமுணுப்பு அவளிடம் இருந்தது. பாயில் தட்டுகளைப் பரப்பியிருந்தாள். மகன் காணாமல் போன நாளிலிருந்து அவனுக்கென்று ஒரு தட்டு வைத்துவந்தாள். இன்று காலைதான் அதைக் கவிழ்த்து வைத்தாள். இப்போது கழுவித் திரும்ப வைத்திருந்தாள்.

"எரிமேதா எங்க? கூட்டிட்டு வாங்க, ஆறிடும்."

"தெரேசியா, கொட்டகையில பாய்க்கு அடியில ஒரு காலு வெச்சிருந்தேனே."

"அதுக்கென்ன இப்ப? அவன் வந்ததும் மாட்டிக் குடுங்க. கல்யாணத்துக்கு ஆகும்." அவள் சோற்றை அள்ளி முதல் தட்டில் போட்டாள்.

"ருத்தேரு வந்து அதைக் கேட்டான். உனக்கு ஏறாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"ஏறலன்னா நீங்க என்ன செய்வீங்க?" இரண்டாவது தட்டில் போட்டாள்.

"ஏறும்" என்றார் பவுரோ. "அன்னைக்கே ஏறும். தெபாவுக்குன்னு வெச்சிருந்தேன், அதனால பொய் சொன்னேன். அவன் போய் தெபாவுதைக் கேட்டு வாங்கிட்டான். தெபாவுகிட்ட இருக்கறது செத்த காலு. பாத்தவன் நான்தான். ஒரு நாள் தாங்காது அது."

தெரேசியா அகப்பையில் சோற்றோடு மூன்றாவது, மகனுடைய தட்டின் மேல் கையை நீட்டியிருந்தாள். கை அப்படியே நின்றது. மீன் கருகத் தொடங்கியது. இரண்டு பேரில் யாரும் அதை எடுக்கவில்லை.